கேள்வி பதில்: மிலிட்டரி ஐயாவின் சாவிக்கொத்து

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பகுதியின் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார், பட்டாளத்தில் இருந்தவர், அப்புறம் வடசென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் நிர்வாகத்தைப் பார்த்தவர், அவரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன் என்று. அவ்வளவுதான். அதற்கு வந்து குவிந்த கடிதங்களால் மற்ற கேள்விகளை ஓரம் தள்ள வேண்டியதாகிவிட்டது. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்காதீர்கள், அடுத்த வாரம் உங்கள் வாரம்.

பெரியவர் பெரியவர் என்கிறீர்களே, அவருக்குப் பெயர் கிடையாதா?
*வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

இருக்கிறது. போடலாமா என்று வீட்டில் கேட்டேன். "பேர் போட்டா அப்பாவுக்குப் புடிக்காது சார்" என்றார் மகள். போன மனுஷனுக்குப் பிடிக்காததை இப்போது செய்து நான் என்ன சாதிக்கப் போகிறேன், விட்டுவிட்டேன். தெருவில் பெரியவர்களுக்கு அவர் மிலிட்டரி ஐயா, பொடிசுகளுக்கு மிலிட்டரி தாத்தா. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் அவர் காதில் விழாதபடி வைத்திருந்த பெயர் "சாவி". இடுப்பு பெல்ட்டில் எப்போதும் ஒரு கொத்து தொங்கும், அந்தச் சத்தம் வராந்தா முனையில் கேட்டாலே பீடி அணைந்துவிடும்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்து ஆள். அப்பா ஹார்பரில் வேலை. 1962-ல் சீனாவோடு சண்டை வந்த பிறகு பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள் அல்லவா, அந்த அலையில் போனவர். காலாட்படைக்குத்தான் போவோம் என்று நினைத்துப் போனவரை ராணுவ மருத்துவப் படையில் போட்டு லக்னோவுக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். 1965 ஜனவரியில் இங்கே இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொதித்தபோது தம்பி கல்லூரிப் பசங்களோடு ஊர்வலத்தில், அண்ணன் அங்கே "சாவ்தான், விஷ்ராம்" என்று இந்தியில் உத்தரவு கேட்டுக் காலை உதைத்துக்கொண்டு. இரண்டு பேரும் அதைப் பற்றிக் கடைசி வரை ஒருவரை ஒருவர் கிண்டலடித்தார்கள். தம்பி முந்திக்கொண்டார், ஆறு வருஷம் ஆகிறது.

பட்டாளம் என்றாலும் ஆஸ்பத்திரியில்தானே இருந்தார்? சண்டைக்குப் போகாதவரை வீரர் என்று சொல்லலாமா?
*கல்லூரி மாணவர், திருவொற்றியூர்*

தம்பி, இதே கேள்வியை நானே அவரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். 1971-ல் கிழக்குப் பக்கம், அகர்தலா எல்லையோரம், ஒரு பீல்ட் ஆம்புலன்ஸில் இருந்தார். "ஓ, ஆம்புலன்ஸ் ஓட்டினீங்களா?" என்றேன். அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பீல்ட் ஆம்புலன்ஸ் என்பது வண்டி கிடையாது, ஒரு முழுப் பிரிவு. டாக்டர்கள், நர்சிங் அசிஸ்டென்ட்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள், சமையல்காரர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. சண்டை நடக்கிற இடத்துக்குப் பின்னாலேயே கூடாரம் போட்டு, அடிபட்டு வருகிறவனைக் கட்டி, நிறுத்தி, பின்னால் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற வேலை. பீரங்கிக் குண்டுக்கு இது சமையல்காரன், இது சிப்பாய் என்று தெரியுமா என்ன?

அவர் வேலையில் ஒன்று சீட்டு கட்டுவது. அடிபட்டவன் சட்டைப் பொத்தானில் ஓர் அட்டைச் சீட்டை நூலால் கட்டி அதில் எழுத வேண்டும்: நம்பர், என்ன காயம், மார்பியா போட்டதா, எத்தனை மணிக்கு. பென்சிலில்தான் எழுதுவார்களாம். மை என்றால் ரத்தமும் பனியும் பட்டுக் கரைந்துவிடும். அப்புறம் முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று பிரிப்பது. உடனே கவனிக்காவிட்டால் போய்விடுவான் என்பவன் முதல் வரிசை, கொஞ்ச நேரம் தாங்குவான் என்பவன் இரண்டாவது, காயம் சின்னது, நடந்தே வருகிறான் என்றால் மூன்றாவது. "கத்தறவன் உயிரோட இருக்கான்னு அவனே சொல்லிடறான். சத்தம் போடாம படுத்திருக்கான் பாரு, அவன்கிட்ட ஓடு." இதை அவர் என்னிடம் சொன்னது போர்க்கதையாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கேஷுவாலிட்டி வாசலில் இரண்டு கோஷ்டி கட்சிக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, மூலையில் பேச்சு மூச்சில்லாமல் சாய்ந்திருந்த ஒரு மீன்காரப் பாட்டியை ஆள்விட்டு உள்ளே தூக்கிக்கொண்டு போனதைப் பற்றிப் பேசும்போது சொன்னார்.

1971-க்காக அவருக்குக் கிடைத்தவை பூர்வி ஸ்டாரும் சங்கிராம் மெடலும். 1965-க்கு ரக்ஷா மெடல். மூன்றையும் பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டிருந்தார். வீரர் என்று சொல்லலாமா என்று கேட்டாய். அந்த டப்பாவை அவர் வெளியே எடுத்து நான் பார்த்ததே இல்லை, சாவுக்கு வந்த அவரது பழைய பட்டாளத்து நண்பர் ஒருவர்தான் தேடி எடுத்து மாலைக்குப் பக்கத்தில் வைத்தார். நீயே முடிவு பண்ணிக்கொள்.

ஆஸ்பத்திரி நிர்வாகி என்றால் என்னதான் வேலை? வைத்தியம் பார்ப்பது டாக்டர், கவனித்துக்கொள்வது நர்ஸ். இவர் எதற்கு?
*வாசகி, கொருக்குப்பேட்டை*

நல்ல கேள்வி. நீங்கள் ஆஸ்பத்திரியில் படுக்கிறீர்கள் என்று வையுங்கள் (வேண்டாம், பேச்சுக்குச் சொல்கிறேன்). விரிப்பு யார் போட்டது? அதை யார் துவைத்தது? பேன் ஓடுகிறதே, கரன்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா? பால் வந்ததா, ரொட்டி வந்ததா, ஊசி மருந்து ஐஸ்பெட்டியில்தான் இருக்கிறதா, ஏஆர் காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) கேட்டு வந்த போலீஸ்காரருக்குப் பதில் சொன்னது யார்? இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படாது. ஒன்று தவறினால் ஊரே திட்டும்.

பட்டாளத்தில் 15 வருஷம் முடித்து, பென்ஷனோடு வந்து, கிளார்க்காகச் சேர்ந்து, ஸ்டோருக்குப் போய், கடைசியில் நிர்வாக அலுவலராக ரிட்டையர் ஆனவர். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள், சொல்ல மாட்டேன். விரிப்புக் கணக்கு ஒன்று சொல்வார். நூறு கட்டிலுக்கு நூறு விரிப்பு வாங்கினால் மறுநாளே நோயாளி வெறும் ரெக்சினில் படுப்பான். ஒன்று கட்டிலில், ஒன்று வெளுக்கப் போயிருக்கும், ஒன்று காய்ந்துகொண்டிருக்கும், ஒன்று அலமாரியில் இருக்க வேண்டும். அதனால் நாலு. மழைக்காலத்தில் ஐந்து. "கம்பெனிக்காரன் துணி வெளுக்கறதுக்காகவே ஒரு பேட்டையை உண்டாக்கினான், அந்த வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டு எனக்கு வெள்ளை விரிப்பு இல்லைன்னா அசிங்கம் இல்லையா?" என்பார்.

ஆக்சிஜன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. உடம்பு கறுப்பு, தோள் வெள்ளை, அதுதான் ஆக்சிஜன் சிலிண்டர். ஆளுயரப் பெரிய சிலிண்டரில் ஏழு கியூபிக் மீட்டர் இருக்கும். காலை ஆறரைக்கு வந்ததும் முதல் வேலையாக, அட்டெண்டர் கையில் ஸ்பேனரோடு கூட வர, ஒவ்வொன்றாக கேஜ் மாட்டிப் பார்த்து, உடம்பில் சாக்பீஸால் தேதியும் பிரஷரும் எழுதுவார். நிறைந்தது இடப்பக்கம், காலி வலப்பக்கம், நடுவில் மஞ்சள் பெயின்டில் கோடு. ஒரு நாள் ஒரு காலி சிலிண்டர் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் நின்றது. அந்த அட்டெண்டரை அன்றைக்கு அவர் திட்டின திட்டை இன்னொருத்தர் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார், பத்திரிகையில் போட முடியாது. "இன்னா சார் நீ, ஒரு சிலிண்டருக்கு இம்மாம் கூவற" என்று அந்த ஆள் கேட்டதற்கு, "ராத்திரி ரெண்டு மணிக்கு இதை நிறைஞ்சதுன்னு நினைச்சு மாட்டிட்டு டாக்டர் கை கழுவப் போவாரு நைனா" என்றாராம். அதற்கப்புறம் அந்த மஞ்சள் கோட்டை வருஷா வருஷம் புதுசாக அடித்தது அதே அட்டெண்டர்தான்.

ஸ்டான்லியை எங்கள் ஆயா "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார். ஏன்?
*வாசகி, காசிமேடு*

1782-ல், ஹைதர் அலியோடு கம்பெனி சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பஞ்சம் வந்தது. மணியக்காரர் சத்திரத்தில் தொட்டி வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். வந்தவர்களில் பலர் நோயாளிகள், அவர்களுக்கு வைத்தியமும் பார்க்க வேண்டியதாயிற்று, அங்கிருந்து வளர்ந்து வளர்ந்து 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. பெயர் கவர்னருடையது, ஆனால் உங்கள் ஆயாவுக்குக் கவர்னரை விடக் கஞ்சிதான் ஞாபகம். மிலிட்டரி ஐயாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டைக் கேவலமாகப் பேசுகிற இளம் டாக்டர்களிடம் இதைத்தான் எடுத்துவிடுவார்.

வாந்திபேதிக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அவர்தான் எங்கள் பகுதியில் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தார் என்று என் மாமியார் சொல்கிறார். உண்மையா? அளவு என்ன?
*வாசகி, தண்டையார்பேட்டை*

எல்லாருக்கும் அவர் ஒருவரே என்றால் நர்ஸ்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆனால் உங்கள் மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தார்கள், முகாம்களில் காலரா. பாங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் சலைன் தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் டிரம்மில் கரைத்து, கூட வந்த உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் இறந்தார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து! சரி, அதை விடுங்கள்.

ஐயா அந்த முகாமில் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் பட்டாளத்தில் இருந்ததால் கேள்விப்பட்டு மனசில் வைத்திருந்தார். 1992 கடைசியில் நம் மதராஸில் ஒரு புது வகைக் காலரா கிளம்பியது, பின்னால் ஓ139 என்று எண் கொடுத்தார்கள். அதுவரை கொள்ளைநோயாகப் பரவும் காலரா என்றால் ஓ1 வகை ஒன்றுதான் என்று நினைத்திருந்தார்கள். பழைய வகைக்கு உடம்பில் எதிர்ப்பு இருந்த பெரியவர்களையே இது சாய்த்தது. அந்த நாளில் ஐயாவுடைய ஆஸ்பத்திரியிலும் வராந்தா நிறைய ஆட்கள். காலரா கட்டில் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ஓட்டை போட்ட கட்டில், கீழே அளவுக்கோடு போட்ட பக்கெட். எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு உள்ளே போயாக வேண்டும். கட்டில் போதவில்லை என்றதும் ஒரு தச்சரைக் கூட்டிவந்து பழைய பெஞ்சுகளில் ஓட்டை போட வைத்தார். பெஞ்சு போனதற்கு ஆடிட்டில் அவரிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது தனிக் கதை. அப்போதுதான் வாசலில் நின்றுகொண்டு, கூட வந்த ஒவ்வொருத்தரிடமும் அளவு சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

அளவு: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள். பாக்கெட் கிடைத்தால் பாக்கெட்டே நல்லது. குழந்தை சோர்ந்து கண் உள்வாங்கினால் டம்ளரை வைத்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நீங்கள் சொல்வதெல்லாம் நன்றாக இருக்கிறது. என் அப்பா இறந்தபோது மார்ச்சுவரியிலிருந்து உடலை வாங்க எங்களிடம் பணம் பிடுங்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நல்லவர் இருந்தார் என்று எப்படி நம்புவது?
*வாசகர், வியாசர்பாடி*

நம்ப வேண்டாம். எனக்கும் நடந்திருக்கிறது, வேறோர் ஆஸ்பத்திரியில், என் சித்தப்பாவுக்கு. துணி சுற்ற ஒரு ரேட், ஸ்ட்ரெச்சர் தள்ள ஒரு ரேட், வண்டியில் ஏற்ற ஒரு ரேட். அழுதுகொண்டே சில்லறை தேடின அவமானம் எனக்கும் தெரியும்.

ஐயா அதை ஒழித்தார் என்று எழுதினால் பொய். அவர் செய்தது ஒன்றுதான். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் தினமும் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு மணி வரை மார்ச்சுவரி வாசலில் உட்கார்ந்து பைல் பார்த்தார். அந்த வாடையில். அந்த இரண்டு மணி நேரம் யாரும் கை நீட்டவில்லை. மிச்ச இருபத்திரண்டு மணி நேரம்? "அது என்னால முடியலப்பா" என்றார் என்னிடம், வேறெதுவும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் நாலு மணி வரை காத்திருந்து வாங்கிப் போவார்களாம்.

நல்லவர் என்ற வார்த்தை வேறு சொன்னீர்கள். எளிதான மனுஷன் கிடையாது. யூனியன்காரர்களோடு தீராச் சண்டை, அதில் பாதிக்கு மேல் யூனியன் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. துப்புரவு வேலை செய்த ஒரு பெண் குழந்தைக்கு ஜுரம் என்று லீவு கேட்டதற்கு, முன்கூட்டி எழுதித் தரவில்லை என்று சம்பளத்தைப் பிடித்துவிட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் ரிட்டையர் ஆகிப் பல வருஷம் கழித்தும் எம்.சி. ரோட்டில் அந்தம்மாவைப் பார்த்தால் இவர்தான் அந்தப் பக்க நடைபாதைக்குத் தாண்டிப் போவார், நானே பார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்குக் கடைசி வரை வரவில்லை.

என் அப்பாவும் முன்னாள் ராணுவ வீரர், போன மாதம் தவறிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வாங்க அலைகிறோம். டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறது.
*வாசகர், எண்ணூர்*

அம்மாவுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பட்டாளக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இதே தலைவலி. நம்முடைய இன்ஷியல் வடக்கே புரிவதில்லை. அதனால் ரெக்கார்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ளும், "அம்மாள்" தனி வார்த்தையாகும், அல்லது காணாமலே போகும். இறப்புச் சான்றிதழ், பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை), டிஸ்சார்ஜ் புக், அம்மாவின் ஆதார், பான், பேங்க் பாஸ்புக், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொண்டு முதலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று எந்த மாதிரி உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்பதை அங்கேயே கேட்டு, அப்படியே எழுதி வாங்குங்கள். பென்ஷன் ஸ்பர்ஷுக்கு, அதாவது ராணுவ பென்ஷனுக்கான ஆன்லைன் ஏற்பாட்டுக்கு, மாறியிருந்தால் அதில் தெரிவிக்க வேண்டும். ஒன்று முக்கியம், அப்பா கணக்கில் பென்ஷன் தொடர்ந்து விழுந்தால் எடுத்துச் செலவு பண்ணாதீர்கள், பின்னால் பிடித்துக்கொள்வார்கள். அம்மாவின் இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டையும் மறக்க வேண்டாம்.

மிலிட்டரி ஐயா வீட்டில் இந்த அலைச்சல் இல்லை. அவர் தன் சாவுக்கே ஒரு பைல் போட்டு வைத்திருந்தார். மேலே "மகள் பிரிக்கவும்" என்று எழுதி.

தாத்தாவின் முப்பதாம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று இருக்கிறோம். பண்பாளர், பாசத்தின் சிகரம் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துத் திருத்தித் தர முடியுமா?
*வாசகி, மூலக்கொத்தளம்*

அனுப்பியதைப் படித்தேன் அம்மா. உங்கள் தெருமுனையில் ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருக்கிற படத்தை எடுத்துவிட்டு உங்கள் தாத்தா படத்தை ஒட்டினால் இதே வாசகம் அப்படியே பொருந்தும். அதுதான் சிக்கல். தாத்தா டீயை எப்படிக் குடிப்பார், தபால்காரரிடம் என்ன பேசுவார், எதற்குக் கோபம் வரும், சட்டைப் பையில் என்னென்ன இருக்கும்? பாட்டியைக் கேளுங்கள். பத்துப் பக்கம் வந்துவிடும். அப்புறம் அனுப்புங்கள், எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன்.

அந்தச் சாவிக்கொத்து இப்போது யாரிடம் இருக்கிறது?
*வாசகர், கல்மண்டபம்*

மகளிடம். ஆஸ்பத்திரிச் சாவிகளை ரிட்டையரான அன்றைக்கே எண்ணிக் கொடுத்து கையெழுத்து வாங்கிவிட்டார். ஆனாலும் இடுப்பு சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது, வீட்டுச் சாவிகளைக் கோத்து மாட்டிக்கொண்டார். காரியம் முடிந்த மறுநாள் என்னையும் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு அட்டை, நூலில் கட்டி, பென்சிலில் எழுதியது. "பீரோ", "மாடிக் கதவு", "தண்ணி மோட்டார் ரூம்", "சைக்கிள் (சைக்கிள் 1998-ல் திருட்டு)" என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசிச் சாவி கொஞ்சம் துருப்பிடித்தது, நீளமானது, எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. அதன் அட்டையில் எழுதியிருந்தார்: "எதுக்குன்னு தெரியல. தூக்கிப் போடாதே."